அசையாமல் எடுத்துக் காட்டு

இரவு பத்து நாற்பது. பாலையடிவட்டைச் சந்தி.
தை மாதம், வேளாண்மை பால் பிடிக்கும் கிழமை.
லேன்மாஸ்டர் ஒன்று விளக்கில்லாமல் வந்தது.
டோர்ச்சை அடித்தேன்.
முதலில் தெரிந்தது, பெட்டியில் குந்தியிருந்த பெண்ணின் மடி.
மடிக்குக் குறுக்கே
உரப்பையில் சுற்றிய ஒரு நீளம்.

மண்வெட்டிப் பிடியாக இருக்கலாம்,
குடைக்கம்பாக இருக்கலாம்.
என் கை அதையெல்லாம் யோசிக்கவில்லை.

சார்ஜன் தர்மகீர்த்தி சிங்களத்தில் கத்தினார்: அசையாதே.
அதே மூச்சில் நான் தமிழில்: லைசன்ஸ எடு.
இரண்டும் ஒன்றாய்ப் போய்
அந்த மனுசியின் முகத்தில் விழுந்தன.
லைசன்ஸ் வெற்றிலைப் பையில்.
வெற்றிலைப் பை துவக்குக்கு அடியில்.

ஓட்டி வந்த பொடியனோ
இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிவிட்டான்.
பிடி விட்ட லேன்மாஸ்டர்
எவருடைய கட்டளையும் இல்லாமல்
டக்டக்கென்று எங்கள் தார்ப்பீப்பாவை நோக்கி ஊர்ந்தது.
சார்ஜனின் ரி-56 கிளிக் என்றது.

அந்தச் சத்தத்தில் எனக்கு வயது ஏழு.
களுவாஞ்சிக்குடி றோட்டில் பஸ்ஸிலிருந்து இறக்கி
அப்பாவைச் சேட்டைத் தூக்கச் சொன்ன சத்தம்.
இப்போது அது என் பக்கத்தில் நிற்கிறது,
என்னுடைய அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு.

"எஞ்சின நூருடா விதுசன்!"
அவள்தான் கத்தினாள்.
நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய முதல் வார்த்தை.

தவளைகள் மட்டும்.
மறுகா, மிரண்ட மாட்டோடு பேசுவதுபோல மெதுவாய்ச் சொன்னாள்:
"தம்பி, மடியில துவக்கிருக்கு.
தோட்டா அதுக்குள்ள இல்ல, பைக்குள்ள.
பேர் தங்கநேசம். புருசன்ட துவக்கு, இப்ப என்ட பேரில.
என்ட கை ரெண்டும் இந்தா, பெட்டி விளிம்பில.
எத முன்னுக்குச் செய்ய எண்டு ஒராள் சொல்லுங்க.
ஒராள்."

குரல், தூரம், கை என்று
பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதையெல்லாம்
அவள் எங்களுக்குச் செய்துகொண்டிருந்தாள்.

சார்ஜன் என்னைப் பார்த்தார்.
நான் சிங்களத்தில் சொன்னேன்.
'ஒராள்' என்பதை மட்டும் இரண்டு முறை.
அவர் குழலைத் தாழ்த்தினார், ஒரு சாண்.

உரப்பையை நானே அவிழ்த்தேன்.
மழைக்கென்று வாயில் சொருகியிருந்த சொப்பிங் பையை உருவினேன்.
முறித்துக் கண்ணருகே பிடித்தேன்.
இரண்டு குழல் வழியாகவும் என் சப்பாத்து தெரிந்தது.

லைசன்ஸ் போன வருசத்தோடு முடிந்திருந்தது.
கச்சேரிப் பற்றுச்சீட்டு இருந்தது, ஈரத்தில் நாலாய் ஒட்டி.
சார்ஜன் அதை ஊதி ஊதிப் பிரித்தார்
பிள்ளையின் காயத்தை ஊதுவதுபோல.
கொப்பியில், நோக்கம் என்ற கட்டத்தில்
யானை என்று எழுதினார், வட்ட வட்டமான சிங்களத்தில்.

வாங்குவதற்கு மூன்று பாடம் நடத்தினார்கள்.
திருப்பிக் கொடுப்பதை யாரும் படிப்பிக்கவில்லை.
அடிக்கட்டையை அவள் பக்கம் திருப்பி நீட்டினேன்.
அவள் பிடித்தாள்.
நான் விடவில்லை.
எவ்வளவு நேரம் என்பது கொப்பியில் இல்லை.
"விடு மனே, ஆனை வந்திரும்."

இரண்டு மணிக்கு வட்டைப் பக்கம் ஒரு வெடி.
சார்ஜன் ஒழும்பி நின்றார். நானும்.
"அலியா?"
"ஓம்" என்றேன், தெரிந்தவன்போல.
அடுத்த வெடி வரும்வரை
இரண்டு பேரும் இருக்கவில்லை.

விடியப்புறம் திரும்பி வந்தார்கள்.
பீப்பாவுக்கு ஐம்பது யார் முன்னாலேயே எஞ்சின் நூர்ந்தது.
துவக்கு முறித்தபடி, உரப்பைக்கு மேல், திறந்து.
பற்றுச்சீட்டு அவள் பற்களுக்கிடையில்,
கைகள் பெட்டி விளிம்பில்.
விதுசன் இறங்கி
யாரும் கேட்காமலே எங்களுக்கு முதுகைக் காட்டி
இரண்டு உள்ளங்கையையும் மட்காட்டில் விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.
சேட்டையும் தூக்கிச் சொருகியிருந்தான்.

போகச் சொல்லிக் கை காட்டினேன்.
முதுகுக்கு அது தெரியவில்லை.